ஆமைக்கு ஒரு பை

தந்தி வந்தது வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. கணக்குப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அதைப் பிரித்துப் படித்துச் சொன்னதுதான் தாமதம், ஆபீஸ் ரூமிலிருந்து மொதலாளி அர்த்தநாரி போட்ட சத்தம், நிட்டிங் மிஷின்களின் இரைச்சலையும் தாண்டி டேமேஜ் மேஜை வரைக்கும் வந்தது.

“ஏம்மா மருதாள்! சனிக்கெழம வெடியால எட்டு மணிக்கு இத்தாலிக்காரர் வர்றாரு! உன்ற ஆமை ஓடுதா?”

“ஜம்முனு ஓடுதுங்க!” என்று மருதாள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினாள்.

அவளுக்கு அப்போது வந்த சந்தோசம் இருக்கிறதே, அதை அளக்கத் திருப்பூர் நல்லூரில் படி கிடையாது. ஆறு மாசமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். சனிக்கிழமை வந்தால் எண்ணிக்கை முடிகிறது. சனிக்கிழமை அந்த ஆமை மட்டும் ஒழுங்காக ஓடிவிட்டால் நாலாம் நம்பர் நிட்டிங் மிஷின் அவள் கைக்கு வருகிறது.

எடுத்த எடுப்பில் ஆமை, மிஷின் என்றால் யாருக்கு விளங்கும்? முதலிலிருந்தே சொல்கிறேன்.

அது எழுபத்தொன்பதாம் வருசம். அர்த்தநாரியின் பனியன் கம்பெனியில் மருதாளுக்கு எட்டு வருசமாக டேமேஜ் பார்க்கிற வேலை. மிஷினிலிருந்து இறங்குகிற துணியை ட்யூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, நூல் தடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். மிஷினில் ஒரு ஊசி ஒடிந்தால் துணியில் ஏணிப்படி மாதிரி நீளமாக ஒரு கோடு விழும். ஊசிக்கோடு என்பார்கள். மற்றவர்கள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். மருதாள் அந்தக் கோட்டைப் பார்த்தே எந்த மிஷின், எந்தப் பக்கத்து ஊசி என்று சொல்லிவிடுவாள். போய்ப் பார்த்தால் அச்சு அசலாக அந்த ஊசிதான் நொண்டிக்கொண்டிருக்கும்.

இப்படி எட்டு வருசம் அடுத்தவன் செய்கிற தப்பையே பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துப்போனது. நாமே ஓட்டினால் என்ன என்று ஒரு நாள் நேராக மொதலாளியிடம் போய்க் கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற நிட்டிங் மேஸ்திரி கிட்டுசாமிக்கு வந்ததே சிரிப்பு! “அம்முணி, குத்தம் கண்டுபிடிக்கறது வேற, மிஷின் ஓட்டறது வேற. பொம்பள கை வெச்ச மிஷினு திருப்பூர்ல எங்காச்சும் ஓடுதா?” என்றார்.

கிட்டுசாமி கெட்டவர் இல்லை. ஆனால் நிட்டிங் ரூம் அவருக்குக் கோயில். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். மிஷின் மேல் சாப்பாட்டுத் தூக்கு வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: ஊசி எடுத்த கைதான் ஊசி போட வேண்டும், போட்டு முடிக்கிற வரைக்கும் அந்த மிஷினை வேறு ஆள் தொடக் கூடாது. எந்த இடத்தில் எத்தனை எடுத்தோம் என்பது எடுத்தவனுக்குத்தானே தெரியும்? ஒரு முறை மொதலாளியின் மச்சினனே அவசரத்துக்கு ஒரு மிஷினைத் தொடப் போக, கிட்டுசாமி கையைத் தட்டிவிட்டார். மொதலாளியும் சட்டம் சட்டம்தான் என்று விட்டுவிட்டார்.

சரி, ஆமை எங்கிருந்து வந்தது? அர்த்தநாரியின் பைத்தியத்திலிருந்து வந்தது. பனியன் வாங்க முதல் தடவை வந்த இத்தாலிக்காரர் பேச்சுவாக்கில், “காலையில் நீந்தாமல் எனக்குப் பொழுது விடியாது” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான்! கம்பெனிக்குப் பின்னால் கெஸ்ட் ஹவுஸ் கட்டி, அதற்குப் பின்னால் நீச்சல் குளமும் கட்டிவிட்டார் மனுசன். நல்லூரே மூக்கின் மேல் விரலை வைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு குடிதண்ணிக்கு அலைகிற ஊரில் இதென்ன கூத்து என்று பெண்கள் காது படவே பேசினார்கள். ஓரத்தில் நின்ற வேப்பமரத்தை வெட்ட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. விளைவு, இத்தாலிக்காரர் அடுத்த தடவை துண்டோடு வந்து பார்த்தால், தண்ணீருக்கு மேலே வேப்பிலை, அடியிலே கம்பெனிப் பஞ்சுத்தூசி. கால்கூட நனைக்காமல் திரும்பிப் போனார். போனவர் சும்மா இருக்காமல் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பி வைத்தார்.

பெட்டிக்குள் இருந்ததுதான் ஆமை. மூன்று சக்கரம், முதுகில் ஒரு பை, பின்னால் ஒரு ரப்பர் வால். மோட்டாரைப் போட்டால் நீளமான ஓஸ் குழாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வந்து சக்கரத்தைச் சுற்றும். குளத்தின் அடியில் அதுபாட்டுக்கு ஊர்ந்து போய், வாலை ஆட்டித் தூசியைக் கிளப்பி, வயிற்றுக்குக் கீழே இருக்கிற ஓட்டை வழியாக உறிஞ்சிப் பைக்குள் தள்ளும். தண்ணீர் பையின் கண்கள் வழியாக வெளியே போய்விடும், குப்பை உள்ளே தங்கும். ஆள் வேண்டாம், துடைப்பம் வேண்டாம்.

ஆள் வேண்டாம் என்று சொன்னவன் ஆமையை வளர்த்துப் பார்த்ததில்லை. முதல் ஆள் அதை வெயிலில் போட்டு ஓஸைக் கோணலாக்கினான். இரண்டாவது ஆள் பையைக் காலி செய்யாமலே ஒரு வாரம் ஓட்டினான். மூன்றாவது ஆள், “இது என்னைப் பாத்து வாலை ஆட்டுதுங்க” என்று பயந்து நின்றுகொண்டான்.

“நான் பாத்துக்கறேனுங்க” என்றாள் மருதாள்.

மொதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஆறு மாசம் ஒரு கொறையில்லாம இத நீ ஓட்டு. இத்தாலிக்காரர் வந்து எறங்கற அன்னிக்கி இது ஓடணும், குளம் பளிச்சுனு இருக்கணும். நாலாம் நம்பர் மிஷினு உனக்கு. ஏனுங்க மேஸ்திரி, நீங்களே சாட்சி” என்றார். கிட்டுசாமி முகம் சுண்டிப்போனாலும் தலையை ஆட்டினார். எப்படியும் இவளால் ஆகாது என்ற தைரியம்தான்.

மருதாளா விடுவாள்! தினமும் ஏழு மணிக்கே வந்து ஆமையைக் கயிறு போட்டுத் தூக்குவாள். பையை உதறி அலசுவாள். ஓஸ் மூட்டில் இருக்கிற சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவாள். சக்கர அச்சில் சுற்றிக்கொண்ட பஞ்சை, ஒடிந்து கிடந்த நிட்டிங் ஊசியின் கொக்கியால் நெம்பி எடுப்பாள். சக்கரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, ஈஸ்வரமூர்த்தியின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிசத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவாள். முப்பதுக்குக் குறைந்தால் எங்கேயோ அடைப்பு. வேலை முடிந்ததும் ஓஸை முறுக்கு விழாமல் நேராக நீட்டி நிழலில் போடுவாள். வேறு யாராவது அதைத் தாண்டிப் போனால்கூட அவளுக்கு ஆகாது.

இத்தனை கெட்டிக்காரி செய்தாளே ஒரு காரியம்!

தந்தி வந்த அன்று மத்தியானம் ஆமையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். எல்லாம் பளபள என்று இருந்தது, பையைத் தவிர. ஆறு மாசத்து வேப்பிலைச் சாறு ஏறி அது பழுத்துப்போன நிறத்தில் தொங்கியது. வெளிநாட்டு மனுசன் கண்ணில் முதலில் இதுதானே படும்? திருப்பூர்க்காரிக்கு நிறம் மங்கின துணியைக் கண்டால் ஒரே ஒரு யோசனைதான் வரும். அவள் புருசன் வெள்ளியங்கிரிக்கு வேலையே பிளீச்சிங் பட்டறையில்தான். பழுப்பாகப் போகிற துணி மல்லிகைப்பூவாகத் திரும்பி வருகிற இடம்.

“ஏனுங் மாமா, இந்தப் பையைச் சரக்கோட சேத்துப் போட்டு வெளுத்துக் கொண்டாங்க. மொதலாளி கண்ணு கூசோணும்!”

“கூச வெக்கறேன் பாரு” என்றான் வெள்ளியங்கிரி. பொண்டாட்டி கேட்டு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணியில் ஊறப்போட்டு, பிரியம் பொங்கி வழிந்ததில் இன்னொரு தரமும் ஊறப்போட்டு, அலசி, நீலம் காட்டி, வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுத்தான். பை வெள்ளைவெளேர் என்று இருந்தது. மருதாள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஆமைக்கு மாட்டி, தண்ணியில் இறக்கி, மோட்டாரைப் போட்டாள்.

ஆமை கிளம்பியது. வாலை ஆட்டியது. நடுக்குளம் வரைக்கும் ராஜா மாதிரி போனது. அங்கே போனதும் ‘பொத்’தென்று ஒரு குமிழி. அடுத்த நொடி, உறிஞ்சின இலையும் பஞ்சும் அத்தனையும் புகை கிளம்பின மாதிரி தண்ணியெல்லாம் பரவியது.

மருதாள் மோட்டாரை நிறுத்தினாள். கயிற்றை இழுத்தாள். பை இருந்த இடத்தில் நாலைந்து வெள்ளைக் கந்தல் தொங்கியது. விரலால் தொட்டாள், நனைந்த அப்பளமாகக் கையோடு வந்தது.

“அட கெரகமே! ஏனுங் மாமா, என்ன பண்ணித் தொலச்சீங்க?”

“நம்ம பருத்தின்னா எத்தன வேக வெச்சாலும் தாங்கும் மருதா. இது நைலானாட்ட இருக்குது. நானென்ன கண்டேன்?” வெள்ளியங்கிரி பாவம், அழாத குறை. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கொடுத்தனுப்பியவள் அவள்தானே! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அந்தப் பை இந்தியாவிலேயே கிடைக்காது. நாளைக் காலை எட்டு மணிக்கு இத்தாலிக்காரர் துண்டோடு வந்து நிற்பார்.

அழுதால் பை வருமா? மருதாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். டேமேஜ் மேஜைக்கு ஓடி, கழித்துப்போட்ட துணியில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்தாள். பனியன் துணிதான் மிஷினிலிருந்து இறங்கும்போதே குழாயாக இறங்குமே. ஒரு முனையை முடிச்சுப் போட்டு, இன்னொரு முனையில் நாடா கோத்து ஆமைக்குக் கட்டினாள். பத்து நிமிசத்தில் பை தயார்!

தண்ணியில் இறக்கினாள். ஆமை ரெண்டு முழம் போனது. பை உப்பியது. இன்னும் உப்பியது. பூசணிக்காய் அளவுக்கு உப்பி, சக்கரம் தரையை விட்டுக் கிளம்பி, ஆமை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்று ஆடியது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கிட்டுசாமி.

“ஆமைக்குப் பிள்ளத்தாச்சி வவுறு வந்துருச்சாட்ட இருக்குது! அம்முணி, நாளைக்குப் பெருசா வேடிக்க இருக்குது போ!” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

மருதாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் கண் மட்டும் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. ஏன் உப்புகிறது? துணி நெருக்கம். தண்ணி வெளியே போக வழியில்லை. துணியில் ஓட்டை வேண்டும். ஆனால் கிழிசல் ஓட்டை ஆகாது. வரிசையாக, ஒரே அளவாக, ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும்…

“ஊசிக்கோடு!” என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

எட்டு வருசமாக எதைப் பார்த்தால் வட்டம் போட்டுக் கழித்தாளோ, அதுதான் இப்போது வேண்டும். ஒரு கோடு அல்ல, துணி முழுக்கக் கோடு. மிஷினில் ஒரு ஊசி விட்டு ஒரு ஊசியைப் பிடுங்கிவிட்டால், துணி வலையாகத்தான் இறங்கும். அதுவும் தையலே இல்லாத வலை. அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. நாலாம் நம்பர் மிஷின் சின்னது, பிள்ளைகள் பனியன் ஓட்டுகிற பன்னிரண்டு இன்ச்சு மிஷின். ஓட்டுகிற ஆள் லீவு, ரெண்டு நாளாகச் சும்மாதான் நிற்கிறது. பைக்கு அளவும் சரி.

கிட்டுசாமியிடம் ஓடினாள். விசயத்தைச் சொன்னாள். மனுசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“பாதி ஊசியைப் புடுங்கோணுமா? வேணும்னே டேமேஜ் ஓட்டோணுமா? என்ற கையால அந்தப் பழி எனக்கு வேண்டாம் அம்முணி. மொதலாளி சொல்லட்டும். அப்பவும் நான் தொட மாட்டேன்.”

மொதலாளி சொல்ல வேண்டுமென்றால் மொதலாளியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நாலாம் நம்பர் போச்சு. சொல்லாவிட்டால்? ஆமை திடீரென்று கெட்டுவிட்டது, சீமைச் சாமானே அப்படித்தான் என்று கையை விரிக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மருதாள் ஆபீஸ் வாசலில் ஒரு நிமிசம் நின்றாள். பாழாய்ப்போன கண்ணுக்கு ஒளித்துப் பழக்கமில்லை. எட்டு வருசமாக எவன் தப்பையும் மறைக்காமல் வட்டம் போட்டவள், தன் தப்புக்கு மட்டும் கண்ணை மூடுவதா?

உள்ளே போனாள். “ஆமையோட பையை நானே பிளீச்சிங்குக்குக் குடுத்துக் கெடுத்துப்போட்டேனுங்க. முச்சூடும் என்ற தப்புத்தானுங்க” என்றாள்.

அர்த்தநாரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “பிளீச்சிங்குக்கா? அதையுமா? உங்களுக்கெல்லாம் மனுசனக் குடுத்தாலும் வெளுக்கப் போட்டுருவீங்க! நாளைக்கு அந்தாளு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நாலாம் நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பேச்சு முடிஞ்சுது!”

மருதாளுக்குப் பொக்கென்று போனது. ஆறு மாசத்து விடிகாலை அத்தனையும் ஒரே வார்த்தையில் போய்விட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை.

“மிஷினு எனக்கு வேண்டாமுங்க. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் குடுங்க. கெடுத்ததை நானே சரி பண்ணிப்போடறேன்.”

மொதலாளி அவளையே பார்த்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை. “போ. என்னமோ பண்ணு” என்று கையை உதறினார்.

நிட்டிங் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மருதாள் உள்ளே போனாள். நாலாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து, ஒன்று விட்டு ஒன்றாக ஊசிகளை இடுக்கியால் பிடித்து உருவினாள். உருவின ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் ஒரு தகர டப்பாவில் அடுக்கினாள். கிட்டுசாமி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்க்கிற சாக்கில் இவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி ஊசியை உருவவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பத்து மிஷினும் ஒரே மூச்சில் அடங்கின. அந்தக் காலத்துக் கரண்ட் கட் உங்களுக்குத் தெரியுமே, போனால் பொழுது சாய்ந்துதான் வரும், சமயத்தில் மறுநாள்தான்.

“நேரம் நல்லாத்தான் இருக்குது” என்றார் கிட்டுசாமி.

“கைப்பிடி எங்கீங்க வெச்சிருக்கறீங்க?” என்றாள் மருதாள்.

கைப்பிடியை மாட்டிக் கையாலேயே மிஷினைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சாண் இறங்கியது, நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி சுற்றினாள். கண்ணிகள் அவிழ்ந்து துணி பொலபொலவென்று கழன்று மடியில் விழுந்தது. ஆரம்பத்திலிருந்து மறுபடி ஏற்றினாள். மறுபடி அறுந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. மூன்றாம் தடவை நூல் அறுந்தபோது மூலையிலிருந்து ஒரு உறுமல் வந்தது.

“வெயிட்டு! துணிய இழுக்கற அந்த வெயிட்ட பாதியாக் கொறயேன்! பாதி ஊசிக்கு முழு வெயிட்டக் கட்டி இழுத்தா எந்தத் துணி தாங்கும்? பாக்கறதுக்கே வவுறு எரியுது!”

மருதாள் கீழே தொங்கின எடையில் பாதியைக் கழற்றினாள். சுற்றினாள். நூல் நின்றது. ஒரு சாண் இறங்கியது. ஒரு முழம் இறங்கியது. சீராக, கண் கண்ணாக, ஒரே மாதிரி ஏணிக்கோடு விழுந்த துணிக் குழாய். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற கிட்டுசாமியின் மீசை தெரிந்தது. அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் மீசை கொஞ்சம் ஆடியது.

துணியை வெந்நீரில் முக்கிச் சுருங்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, முனையை முடிந்து, வாயில் நாடா கோத்தாள். சாயங்காலம் வெள்ளியங்கிரி வந்து எட்டிப் பார்த்து, “வெளுக்காத கோரா நெறமாவே இருக்குதே மருதா, சித்த நேரம் குடுத்தீன்னா…” என்று ஆரம்பித்தான்.

“பட்டறைப் பக்கம் கொண்டுட்டுப் போனீங்கன்னா கொலை விழுகும்!” என்றாள்.

கரண்ட் அன்று வரவே இல்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போனது. சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத்தான் கெஸ்ட் ஹவுஸ் பல்பு கண்ணைச் சிமிட்டியது. குளமோ நேற்று பை வெடித்த கோலத்தில் அடியெல்லாம் குப்பை படிந்து கிடந்தது. மருதாள் மருதமலை இருக்கிற திக்கைப் பார்த்து, “முருகா, உப்பாம இருந்தாப் போதும்” என்று சொல்லி மோட்டாரைப் போட்டாள்.

பை நிமிர்ந்தது. லேசாக விரிந்தது. உப்பவில்லை! கண்களின் வழியே தண்ணீர் இழை இழையாக வெளியே வர, ஆமை தரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. போன வழியெல்லாம் அடித்தரை சிமெண்டுக் கோடாகத் தெளிந்துகொண்டே வந்தது. சிவப்பு நூல் கட்டின சக்கரத்தை எண்ணினாள். முப்பத்தொன்று! “ஓடுது, ஓடுது! அடி ஆத்தே, ஓடுதே!” என்று கரையோரமாக அதுகூடவே ஓடினாள். ரெண்டு தடவை தூக்கிப் பையைக் கொட்டினாள். ரெண்டு தடவையும் உள்ளே இலையும் பஞ்சும் கட்டியாக இருந்தன, பை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

எட்டு மணி என்று சொன்ன மனுசன் ஏழே முக்காலுக்கே வந்து நின்றார். பின்னால் மொதலாளி, ஈஸ்வரமூர்த்தி, எதற்கென்றே சொல்லாமல் கிட்டுசாமி. இத்தாலிக்காரர் குளத்தைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். அப்புறம் அதன் முதுகைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஜாடை காட்டினார், மருதாள் கயிற்றை இழுத்துத் தூக்கிக் கொடுத்தாள். பையைத் திருப்பினார், புரட்டினார், உள்ளே கையை விட்டார். மொதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“தையல் எங்கேன்னு கேக்கறாருங்க” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“பனியன் துணிக்கு ஏதுங்க தையலு? மிஷின்லயே கொழாயாத்தானே எறங்குது!” என்றாள் மருதாள்.

அதைக் கேட்டதும் இத்தாலிக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஈஸ்வரமூர்த்திக்கு மூச்சு வாங்கியது. “இவரு ஊர்ல பை எப்பவும் தையல்லதான் பிரியுமாமுங்க. வருசத்துக்கு மூணு பை மாத்தறாராம். இவருக்கு, தம்பிக்கு, சிநேகிதக்காரங்களுக்கு எல்லாம் சேத்து முப்பது பை வேணுமாம். இந்தம்மா கையால பண்ணினதே வேணுமாமுங்க!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் இத்தாலிக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேண்ட்டோடு தண்ணியில் குதித்துவிட்டார். மொதலாளி மேலெல்லாம் தண்ணி. போன உயிர் திரும்பி வந்த மாதிரி அர்த்தநாரி சிரித்தார். “மேஸ்திரி, கேட்டீங்கல்ல? நாலாம் நம்பர்ல முப்பது பை ஓட்டிக் குடுத்துருங்க!” என்றார்.

மேஸ்திரி! மருதாளுக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. ஆனால் பேச்சு முடிந்தது என்று அவர் நேற்றே சொல்லிவிட்டாரே, என்ன உரிமையில் கேட்பது? ஆமையைத் தூக்கி நிழலில் வைக்கப் போனாள்.

“என்னால ஆகாதுங்க” என்றார் கிட்டுசாமி.

“என்ன ஆகாது?”

“நாலாம் நம்பர்ல ஊசி எடுத்தது நானில்லீங்க. எடுத்த கை மருதாளுது. எடுத்த கைதான் திருப்பிப் போடோணும், அது வரைக்கும் வேற ஆளு தொடப்படாது. என்ற ரூமு சட்டம் உங்களுக்கே தெரியுமுங்க.”

“அப்ப அவளையே ஊசியத் திருப்பிப் போடச் சொல்லிட்டு…”

“போட்டுட்டா முப்பது பை எங்கிருந்துங்க வரும்?”

குளத்தில் இத்தாலிக்காரர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். கிட்டுசாமி மீசையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “ஆறு மாசம்னு சொன்னப்ப என்னையச் சாட்சிக்கு வெச்சீங்க. இன்னிக்கோட ஆறு மாசமுங்க. ஆமை ஓடுது, குளம் பளிச்சுனு இருக்குது. சாட்சி சொல்லிப்போட்டேன்.”

மொதலாளி ஈரச் சட்டையைப் பிழிந்தார். அப்புறம், “என்னம்மா நின்னுட்டிருக்கற? போ, போய் உன்ற மிஷினைப் பாரு” என்றார்.

மருதாளுக்குக் கண் நிறைந்து எதிரே இருந்தவர்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தார்கள். “செருப்ப வெளியே உட்டுட்டு வா அம்முணி” என்று சொல்லிவிட்டுக் கிட்டுசாமி முன்னால் நடந்தார்.

திங்கட்கிழமை நாலாம் நம்பர் மிஷின் முழுநாளும் ஓடியது. டேமேஜ் மேஜைக்குப் புதிதாக வந்த காளியாத்தாளுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. மத்தியானம் அவள் துணிச்சுருளைத் தூக்கிக்கொண்டு நிட்டிங் ரூம் வாசலுக்கே ஓடிவந்தாள். “ஏனுங்கக்கா, துணி முச்சூடும் ஊசிக்கோடுங்க! வட்டம் போட்டுப் போட்டு என்ற சாக்பீசே தீந்து போச்சுங்க!” என்று கத்தினாள்.

முதலில் சிரித்தது கிட்டுசாமிதான். மருதாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஆனால் மிஷினை நிறுத்தவில்லை.